யன்னல் முதலில், எஞ்சின் பிறகு

பழைய கபின் படகு ஒன்றை வாங்கி நானே திருத்தப் போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், யன்னலைப் போட்டு முடித்த பிறகு எஞ்சினில் கை வையுங்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். நான் மறுவளமாகச் செய்தேன். ஒரு முழுக் கோடை போனது, போட்ட எஞ்சினைத் திரும்பவும் கழற்ற வேண்டி வந்தது, கிட்டத்தட்ட 15,000 குரோணர் வீணாகச் செலவானது. இதை எழுதுவது அந்தக் கோடை இன்னொருவருக்குப் போகக்கூடாது என்பதற்காக.

நான் இருப்பது ஒஸ்லோ பியோர்டின் கரையில். மூன்று வருடங்களுக்கு முன் மார்ச் மாதம், 1979இல் கட்டிய 24 அடி பைபர் படகு ஒன்றை 30,000 குரோணருக்கு வாங்கினேன். எடை இரண்டு தொன்னுக்கு மேல், முன்னால் இரண்டு பேர் படுக்கிற கபின், ஆறு யன்னல், இறுகிப்போன ஒரு டீசல் எஞ்சின். படகை நிறுத்த எங்கள் ஊர்ப் படகுச் சங்கத்தில் இடம் கிடைத்தது. இங்கே சங்கத்தில் சேர்ந்தால் வருடத்தில் சில நாட்கள் எல்லோரும் கூடிப் பாலம் திருத்த, குப்பை அள்ள, கயிறு மாற்ற வரவேண்டும், அதற்கு டுக்னாட் என்று பெயர். எங்கள் ஊர்ச் சிரமதானமேதான். வேலை தெரிந்தவர்களோடு பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எனக்கு உதவிய கிழவரை அங்கேதான் கண்டேன். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு படகு தள்ளி அவருடைய படகு.

படகு ஆசை எனக்கு அப்பாவின் பக்கத்திலிருந்து வந்தது. அவர்களுடைய ஊர் யாழ்ப்பாணத்துக் காரைநகர். 1956இல் குருநகரிலிருந்து நோர்வே வந்த அன்ரனி இராஜேந்திரத்தைப் பற்றி இங்குள்ள தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. அவரும் நோர்வேக்காரரும் சேர்ந்து தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் பைபர் படகு கட்டியது. என் சித்தப்பா அங்கே வேலை பழகியவர். நோர்வேயில் கட்டிய பைபர் படகொன்றைத் திருத்த நான் காரைநகருக்கு வீடியோவில் அழைத்து யோசனை கேட்டேன் என்றால் அதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

சரி, படகுக்கு வருகிறேன். வாங்கும்போது எஞ்சின் ஏன் இறுகியது என்று கேட்டேன். இரண்டு குளிர்காலம் கவனிக்காமல் கிடந்தது, மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது என்றார் விற்றவர். பொய் இல்லை. ஆனால் அந்த மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கவில்லை. படகின் அடியில் தண்ணீர் சேர்ந்து, பற்றரி இறங்கிப் பம்பு நின்று, தண்ணீர் எஞ்சினின் அரைவாசி வரை ஏறி, பிறகு உறைந்திருக்கிறது. யன்னல் மூலைகளுக்குக் கீழே உள்பக்கம் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்த கறையை நான் கண்டேன், கண்டும் அது துடைக்கிற வேலை என்று விட்டுவிட்டேன். எஞ்சினைக் கொன்றது அந்த யன்னல்கள்தான். புது எஞ்சினைக் கொண்டுபோய் அதே யன்னல்களுக்குக் கீழே வைத்தேன்.

எஞ்சின் தெரிவு செய்வதில் பலர் குதிரைவலுவைப் பார்த்து மயங்குகிறார்கள். என்னுடையது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகு, மேலே எழும்பிப் பறக்கிற அடி இல்லை. அப்படிப்பட்ட படகின் வேகத்துக்கு எல்லை உண்டு: தண்ணீரைத் தொடுகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நொட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வரும். எனக்கு 22 அடி, ஆகவே 6.3 நொட். அதற்கு மேல் எத்தனை குதிரை பூட்டினாலும் அலைதான் பெரிதாகும், டீசல்தான் கரையும். தொன்னுக்கு நாலைந்து குதிரைவலு இருந்தால் ஓடும், எதிர்க்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சேர்த்து அதன் இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. பாய்ப்படகொன்றிலிருந்து கழற்றிய மூன்று சிலிண்டர் யன்மார் ஒன்று, 27 குதிரைவலு, கியர்பெட்டியோடு 38,000 குரோணருக்குக் கிடைத்தது. உப்புத் தண்ணீரை நேரடியாக எஞ்சினுக்குள் ஓடவிடாமல், உள்ளே நன்னீரும் வெளியே கடல்நீருமாகக் குளிர வைக்கிற வகை. பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் இந்த வகையாகப் பார்த்து எடுங்கள். குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னாலேயே ஸ்ரார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நான் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்த எஞ்சின் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன்.

சங்கத்தின் சின்னக் கிரேனால் இறக்கினோம். இறக்குவது அரை மணித்தியாலம், நேராக்குவது மூன்று நாள். கியர்பெட்டியின் பிளாஞ்சும் (இணைக்கிற வட்டத் தகடு) புரொப்பெல்லரைச் சுற்றுகிற ஷாப்டின் பிளாஞ்சும் முகத்துக்கு முகம் சரியாக உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அளக்கிற பீலர் கேஜ் தகட்டை மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு இடத்தில் நுழைத்துப் பார்க்க வேண்டும், 100 மில்லிமீற்றர் பிளாஞ்சுக்கு வித்தியாசம் 0.1 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். எஞ்சினின் நாலு கால் றப்பர்களிலும் உள்ள நட்டைக் கால் சுற்றுத் திருப்பினாலே கணக்கு மாறும். இதைக் கரையில் வைத்துச் செய்தால் பாதி வேலை முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தண்ணீரில் இறங்கியதும் படகின் உருவம் சற்று மாறும். இறக்கி இரண்டு நாள் விட்டு, கப்ளிங்கைக் கழற்றி இன்னொரு முறை அளந்தேன். 0.1 இருந்த இடம் 0.35 ஆகியிருந்தது.

முதல் ஸ்ரார்ட்டில் எஞ்சினை இழக்கப் பார்த்தேன், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டீசல் குழாயில் காற்று நின்றதால் எஞ்சின் பிடிக்கவில்லை. பத்து விநாடி சுற்றுவேன், நிறுத்துவேன், திரும்பச் சுற்றுவேன். ஏழெட்டுத் தடவை இருக்கும். கிழவர் பாலத்தில் ஓடி வந்தார், அந்த வயதில் அவர் ஓடி நான் கண்டது அன்றுதான். "கடல் வால்வைப் பூட்டு" என்று கத்தினார். விஷயம் என்னவென்றால், எஞ்சினைச் சுற்றும்போது கடல்நீர்ப் பம்பும் சேர்ந்து சுற்றும், தண்ணீர் புகைக்குழாயின் பெட்டிக்குள் போய் விழும். எஞ்சின் ஓடினால் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓடாவிட்டால் தள்ள ஆள் இல்லை, பெட்டி நிரம்பித் தண்ணீர் பின்பக்கமாகச் சிலிண்டருக்குள் வந்துவிடும். தண்ணீரை நசுக்க முடியாது, வளைவது பிஸ்டனைத் தாங்குகிற தண்டு, கொனெக்ரிங் றொட். பெட்டியின் அடித் திருகாணியைத் திறந்தபோது வாளி வாளியாக வந்தது. ஆகவே எஞ்சின் பிடிக்க மறுத்தால் கடல் வால்வைப் பூட்டிவிட்டுச் சுற்றுங்கள், பிடித்த உடனே திறங்கள். திறக்க மறந்தால் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் றப்பர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, அதனால் நான் சாவிக்குப் பக்கத்தில் சிவப்பு ரேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காற்றை எடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. தாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கி, முதலில் தண்ணீர் பிரிக்கிற வடி, பிறகு எஞ்சினில் உள்ள வடி, பிறகு பெரிய பம்பு, கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகள். ஒவ்வொன்றிலும் குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடுத்ததற்குப் போகக்கூடாது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஐந்து வாரம் நன்றாக ஓடியது. யூலை நடுவில் ஒரு நாள் தரையில் அதிர்வு கூடியது போலிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் வலதுபக்கப் பின் கால் ஆடுகிறது. போல்ட்டை இறுக்கினேன், அது சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவே இல்லை. சித்தப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மோனை, பைபர் ஊறாது. உள்ளுக்குக் கிடக்கிற பலகைதான் ஊறும். சுத்தியல் பிடியாலை தட்டிக்கொண்டு போ, நான் கேக்கிறன்" என்றார். தட்டினேன். முன்பக்கம் டக், டக் என்று கல்லில் தட்டுவது போல. பின்பக்கம் வந்ததும் தொப், தொப். "அதுதான். உதிலை வெட்டு" என்றார், ஐயாயிரம் மைல் போல இருக்கிற தூரத்திலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டு.

எஞ்சின் உட்காரும் கட்டை என்பது மரத்தைச் சுற்றி பைபர் போர்த்தியது. பழைய எஞ்சினின் போல்ட் ஓட்டைகள் தண்ணீர் புகாமல் அடைக்கப்படவே இல்லை, நானும் மூடாமல் விட்டிருந்தேன். யன்னல் மூலையில் புகுந்த மழை, கபின் உட்சுவருக்குப் பின்னால் இறங்கி, எஞ்சின் கட்டையின் மேல் வந்து நின்று, அந்த ஓட்டைகள் வழியாக வருடக்கணக்கில் மரத்துக்குள் போயிருக்கிறது. வெட்டித் திறந்தபோது உள்ளே இருந்தது தேயிலைச் சக்கை. கையால் அள்ளினேன்.

எஞ்சின் திரும்ப மேலே போனது. இரண்டு கட்டைகளையும் முழுதாக வெட்டி எடுத்து, நல்ல காய்ந்த மரமும் கடல் பிளைவூட்டும் வைத்து, பழைய பைபரை அரைத்துச் சரிவாக்கி, எப்பொக்சியில் (இரண்டு திரவம் கலந்ததும் சூடேறி இறுகுகிற பசை) புதுக் கண்ணாடித்துணி ஏழு மடிப்புப் போட்டேன். எப்பொக்சி விலை கூடத்தான், ஆனால் பழைய பைபரில் உள்ள பொலியெஸ்ரர் பசையின் மேல் பொலியெஸ்ரரைவிட எப்பொக்சி நன்றாகப் பிடிக்கும், இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக்கூடாது. கலந்ததை டப்பாவில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். அரை லீற்றர் கலந்து டப்பாவோடு வைத்துவிட்டுக் கையுறை மாற்றினேன், திரும்பிப் பார்க்கும்போது டப்பா புகைந்துகொண்டிருந்தது. தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு ஏறாது. இன்னொன்று, 10 பாகைக்குக் கீழே எப்பொக்சி காய மனம் வைக்காது. நோர்வேயில் செப்ரெம்பர் முடிந்தால் கூடாரமும் ஹீற்றரும் வேண்டும். எல்லாப் போல்ட் ஓட்டையையும் ஒரு சுற்றுப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, அது காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான ஓட்டை துளைத்தேன். இனி அந்த வழியாக மரத்துக்குத் தண்ணீர் போக முடியாது.

இப்போது யன்னல். பழைய அலுமினியச் சட்டங்களைக் கழற்றும்போது ஸ்குரூக்களில் பாதி தலை உடைந்தன, அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய தொல்லை, முன்பு யாரோ கசிவை நிறுத்த வீட்டுக் குளியலறைச் சிலிக்கன் பூசியிருந்தார்கள். சிலிக்கன் இருந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது, பெயின்ற்கூட நிற்காது. பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுத்து, சிலிக்கன் நீக்கியால் துடைத்து, பிறகு உப்புத்தாள் போட்டேன். உப்புத்தாளை முதலில் போட்டால் சிலிக்கனைத் தேய்த்து எங்கும் பரப்பிவிடுவீர்கள். ஒரு யன்னலுக்கு ஒரு நாள் போனது.

ஓட்டைகளின் விளிம்பில் இரண்டு பைபர்த் தோலுக்கு நடுவில் பலகை தெரியும். ஊறின பலகையைக் கொக்கியால் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எப்பொக்சியால் அடைத்தேன். அச்சுக்கு மட்டையில் வெட்டினேன். இடப்பக்க மட்டையைத் திருப்பி வலப்பக்கம் வைத்துப் பார்த்தால் 9 மில்லிமீற்றர் பொருந்தவில்லை! அந்தக் காலத்துப் படகுகளில் இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி ஓடர் கொடுக்காதீர்கள், ஆறுக்கும் ஆறு மட்டை வெட்டுங்கள்.

பக்க யன்னல் நாலுக்கும் 8 மில்லிமீற்றர் அக்ரிலிக், கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்ரிக். பொலிகாபனேற் என்கிற இன்னொரு பிளாஸ்ரிக் அடித்தாலும் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறும். முன்பக்கம் இரண்டும் வேறு கதை. வைப்பர் ஓடுகிற இடத்தில் அக்ரிலிக் போட்டால் ஒரு பருவத்தில் வைப்பர் அரைவட்டமாகக் கீறிவிடும், இரவில் எதிரே வருகிற விளக்கு எல்லாம் அந்தக் கீறலில் சிதறும். அங்கே பதப்படுத்திய கண்ணாடி வேண்டும். அதைப் பதப்படுத்திய பிறகு ஒரு மில்லிமீற்றர்கூட வெட்டவோ தேய்க்கவோ முடியாது, ஆகவே அச்சு சரியாக இருந்தால்தான் காசைக் கொடுங்கள்.

அக்ரிலிக் விரியும் சுருங்கும் என்பதுதான் முழு விஷயத்தின் உயிர். ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒரு பாகைக்கு 0.07 மில்லிமீற்றர். கேட்கச் சின்னத் தொகை. இங்கே குளிர்காலம் கழித்தல் 15, கோடை வெயிலில் கறுத்த விளிம்பு சகசமாக 40. அந்த 55 பாகைக்கு ஒரு மீற்றர் யன்னல் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் நீண்டு குறுகும். ஸ்குரூவை இறுக்கமான ஓட்டையில் போட்டு முறுக்கினால் அந்த 4 மில்லிமீற்றருக்குப் போக இடம் இல்லை, ஓட்டையைச் சுற்றி முடி போல வெடிப்பு வரும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் வரும். பழைய யன்னல்களில் நான் கண்ட வெடிப்பு எல்லாம் ஸ்குரூ ஓட்டையிலிருந்துதான் தொடங்கியிருந்தது. அதனால் ஸ்குரூவே இல்லாமல் ஒட்டினேன். யன்னலை ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 30 மில்லிமீற்றர் பெரிதாக எடுத்து வெளியிலிருந்து ஒட்டுவது. விளிம்பில் கறுப்புப் பிறைமர் பூச வேண்டும், வெயில் அக்ரிலிக் ஊடாகப் போய்ப் பசையைத் தின்னாமல் இருக்க. பசையின் தடிப்பு 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், அதற்காக இடைக்கிடை 3 மில்லிமீற்றர் றப்பர்ப் பொட்டு ஒட்டி அதன் மேல் யன்னலை வைத்தேன். தடிப்பாக இருந்தால்தான் பசை இழுபட்டு வளைந்து கொடுக்கும். ஆசையில் அழுத்திப் பசை எல்லாம் வெளியே பிதுங்கினால் பிடிப்பதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சாது. இரண்டு நாள் தடி முட்டுக்கொடுத்து விட்டேன். அப்புறம், அக்ரிலிக்கை அசிற்றோனால் துடைக்காதீர்கள், மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும். அசிற்றோன் பட்ட இடம் ஒரு வாரத்தில் சிலந்தி வலை போல வெடிக்கும்.

ஒரு கிழமை கழித்துப் பரிசோதனை. மனைவி உள்ளே ரோச்சோடு, நான் வெளியே தண்ணீர்க் குழாயோடு. கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து அடித்தால் தண்ணீர் எல்லா இடமும் வழிந்து, கசிவு எந்த உயரத்தில் என்று தெரியாது. பத்து நிமிடம் ஒரு யன்னலுக்கு. ஐந்தாவது யன்னலில் "இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ, இதிலை வருது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போய்ப் பார்த்தால் யன்னல் இல்லை, அதற்கு மேலே கைபிடிக்கம்பியின் ஸ்குரூ. தண்ணீர் கூரைக்குள் 40 சென்ரிமீற்றர் ஓடி வந்து யன்னலுக்கு மேல் எட்டிப் பார்த்தது. கூரையில் உள்ள ஒவ்வொரு ஸ்குரூவையும் கழற்றி, பியூட்டைல் நாடா (தண்ணீரை அடைக்கிற ஒட்டும் றப்பர் நாடா) சுற்றித் திரும்பப் போட்டேன். அலுப்பு வேலை, ஆனால் இதை விட்டிருந்தால் யன்னலுக்குப் பட்ட பாடு அத்தனையும் போயிருக்கும்.

இரண்டாவது தடவை எஞ்சினை இறக்குவது சுலபமாக இருந்தது. பழகிவிட்ட கை. கடலில் ஓட்டிப் பார்த்தபோது முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்கு மேல் போகவில்லை, இந்த எஞ்சின் 3,600 வரை போக வேண்டும். பின்னால் கறுத்த புகை. பழைய எஞ்சினுக்கு இருந்த புரொப்பெல்லர் இதற்குப் பாரம் கூட என்று அர்த்தம். அதன் சரிவை (பிட்ச், ஒரு சுற்றில் அது முன்னேறுகிற தூரம்) ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது பொதுக் கணக்கு. பட்டறையில் கொடுத்து 12 அங்குலத்தை 10 ஆக்கினேன், 3,300 வந்தது, புகை நின்றது. இன்னும் ஒரு அங்குலம் குறைக்கலாம், குறைப்பேன்.

சின்ன விஷயங்களில் சொல்ல வேண்டியவை: டீசல் குழாயில் ஐஎஸ்ஓ 7840 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள், அது தீயைக் கொஞ்சம் தாங்கும். கடல் வால்வு சாதாரணப் பித்தளையாக இருக்கக்கூடாது, உப்பில் துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்பாகி விரலால் உடையும். வால்வு உடைந்தால் அடைப்பதற்கு ஒவ்வொரு வால்விலும் அதற்கு அளவான மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்ரார்ட் பற்றரியை விளக்குக்கும் பம்புக்கும் உரிய பற்றரியிலிருந்து பிரித்து வையுங்கள். சட்டமும் ஒரு வரி: 1980இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் 8 மீற்றருக்கு மேற்பட்ட படகையோ 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சினையோ ஓட்டச் சான்றிதழ் வேண்டும். என் எஞ்சின் 27. மகன் படித்து எழுதி எடுத்தான். 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது வெளியே நிற்கிற எல்லோரும் மிதவை அங்கி போட்டே ஆக வேண்டும், சட்டம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

போன குளிர்காலம் படகைக் கரையேற்றி, எஞ்சினின் கடல்நீர்ப் பாதைக்கு உறையாத் திரவம் உறிஞ்சவிட்டு, ஒவ்வொரு யன்னலுக்குக் கீழேயும் சமையலறைக் காகிதம் ஒரு துண்டு ஒட்டிவைத்து மூடினேன். ஏப்ரலில் திறந்தேன். ஐந்து காகிதம் வைத்தபடியே காய்ந்து கிடந்தன. ஆறாவதின், வலப்பக்க முன் யன்னலின், கீழ் மூலையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மஞ்சள் வட்டம். எஞ்சின் கட்டையைத் தட்டிப் பார்த்தேன், டக், டக். அந்தக் கண்ணாடியை இந்தச் சனிக்கிழமை கழற்றுகிறேன், மனைவியிடம் ரோச்சுக்குப் பற்றரி வாங்கச் சொல்லியாயிற்று.